அம்பத்தூர்லேர்ந்து சீனாவுக்கு வேலைக்குப் போறீங்களா? பிளைட் ஏறுறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



அம்பத்தூர் எஸ்டேட்ல மோல்டு, டை, சிஎன்சி வேலை பார்க்கிறவங்களுக்குச் சீனா ஒண்ணும் புதுசு இல்லை. மெஷின் அங்கேர்ந்து வருது, ஸ்பேர் பார்ட் அங்கேர்ந்து வருது. பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போறவங்களுக்கு ஷென்சென், டோங்குவான், சுஜோன்னா பட்டாபிராம், திருநின்றவூர் மாதிரி பழகின பேருங்க. 2020-ல நின்னுபோன நேரடி விமானமும் திரும்ப வந்தாச்சு. 2025 அக்டோபர் 26-ல கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு இண்டிகோ சேவையைத் தொடங்கியது. சென்னையிலிருந்து போறவங்க கொல்கத்தா, ஹாங்காங், சிங்கப்பூர், கோலாலம்பூர்னு ஏதாவது ஒரு ஊர்ல மாறித்தான் போகணும்.

"மாசம் 20,000 யுவான் தர்றாங்க, போலாமா?" இதுதான் கேள்வி. இதுக்கு ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது. விசா சரியா இருக்கணும், பேப்பர் சரியா இருக்கணும், கையில வர்ற பணம் எவ்வளவுன்னு தெரியணும், இங்க இருக்கிற வீட்டு லோன் ஓடணும், அங்க இருக்கிற மனுஷங்களோட பழகவும் தெரியணும். இந்தப் பதிவுல இதெல்லாத்தையும் வரிசையாப் பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்ல உட்கார்ந்து, பேப்பர் பேனாவோட படிங்க.

1. முதல்ல விசா. இதுல சமரசமே கிடையாது

சீனாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய இசட் விசா வேணும். கம்பெனி முதல்ல அங்கே உங்க பேர்ல வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கும். அதை வெச்சுத்தான் நீங்க இங்க இசட் விசாவுக்கு விண்ணப்பிக்கணும். அங்க போய் இறங்கின 30 நாளுக்குள்ள அதைக் குடியிருப்பு அனுமதியா மாத்தணும்.

"முதல்ல டூரிஸ்ட் விசாவுலயோ பிசினஸ் விசாவுலயோ வந்துடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்"னு யாராவது சொன்னா அங்கேயே பேச்சை முடிச்சுக்குங்க. அனுமதி இல்லாம வேலை செஞ்சா 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெருசா இருந்தா அபராதத்தோட 5 முதல் 15 நாள் வரை காவல்லயும் வைக்கலாம்னு அந்த நாட்டுச் சட்டம் சொல்லுது. மாட்டினா ஏஜென்ட் வந்து நிக்க மாட்டார், நீங்கதான் நிக்கணும்.

இன்னொரு எச்சரிக்கை. வேலை சீனக் கம்பெனியிலன்னு சொல்லி, டிக்கெட் மட்டும் பாங்காக்குக்கோ வேற ஊருக்கோ போட்டுக் கொடுத்தா போகவே போகாதீங்க. 2022-ல மியான்மரின் மியாவாடி பகுதியில ஆன்லைன் மோசடிக் கும்பல்கிட்ட சிக்கி மீட்கப்பட்டவங்கள்ல நம்ம தமிழ்நாட்டுப் பசங்களும் இருந்தாங்க. அவங்களையும் நல்ல ஐடி வேலைன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. ஏஜென்ட் மூலமா போறதா இருந்தா, மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல அவரோட லைசென்ஸ் நம்பரைத் தேடிப் பாருங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அது மேல ஜிஎஸ்டி. "ரெண்டு லட்சம் கட்டுங்க, விசா கன்ஃபர்ம்"னு சொல்றவர் எந்த ரகம்னு இதுலயே தெரிஞ்சுடும்.

டிப்ளமா, ஐடிஐ முடிச்சவங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. சீனா வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஏ, பி, சின்னு மூணு வகையாப் பிரிக்குது. நம்மள மாதிரி பெரும்பாலானவங்க போறது பி வகையில. அதுக்குப் பொதுவா இளங்கலைப் பட்டமும் அதே துறையில ரெண்டு வருஷ அனுபவமும் கேட்பாங்க. 15 வருஷம் டூல் ரூம்ல கை தேர்ந்தவரா இருந்தாலும் பட்டம் இல்லைன்னா இந்த வழி கஷ்டம். வேலையை ராஜினாமா பண்றதுக்கு முன்னாடியே கம்பெனி எச்ஆர்கிட்ட "எந்த வகையில எனக்கு அனுமதி எடுக்கிறீங்க?"ன்னு மெயில்ல கேட்டு வாங்கிடுங்க. அனுமதிக் கடிதம் கைக்கு வர்ற வரைக்கும் இங்க இருக்கிற வேலையை விடாதீங்க.

2. பேப்பர் வேலை: அப்போஸ்டில் மட்டும் போதாது

வெளிநாடுன்னாலே "சர்ட்டிஃபிகேட்டுக்கு அப்போஸ்டில் போட்டுக்கோ"ன்னு சொல்லிடுவாங்க. சீனா விஷயத்துல இது பொருந்தாது. இந்தியா 2005-லேர்ந்து அந்த ஒப்பந்தத்துல இருக்கு. சீனாவுக்கு 2023 நவம்பர் 7-லேர்ந்து அது அமலுக்கு வந்தது. ஆனா சீனா சேர்றதுக்கு இந்தியா ஆட்சேபம் தெரிவிச்சதால, இந்த ரெண்டு நாட்டுக்கும் நடுவுல அந்த ஒப்பந்தம் செல்லுபடியாகாது. அதனால பழைய முறைதான்: மாநில அரசு சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பம், கடைசியா சீனத் தூதரகச் சான்றொப்பம். அப்போஸ்டில் போட்டுட்டு வந்து நிக்கிறவங்க மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பணமும் போகும், சேரும் தேதியும் போகும்.

சீனாவுக்குச் சென்னையில துணைத் தூதரகம் கிடையாது. டெல்லியில தூதரகம், மும்பையிலும் கொல்கத்தாவிலும் துணைத் தூதரகம். அதனால கூரியர், ஏஜென்சி கட்டணம், சில நேரம் நேர்ல போயிட்டு வர்ற செலவு எல்லாத்தையும் பட்ஜெட்ல எழுதுங்க.

போலீஸ் கிளியரன்ஸ் சர்ட்டிஃபிகேட் பாஸ்போர்ட் சேவா தளத்துல அப்ளை பண்ணணும், கட்டணம் 500 ரூபாய். நம்ம பக்கத்துக்கு அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திரம்தான் வசதி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூணுமே 2022 ஜனவரியில உருவான ஆவடி மாநகரக் காவல் ஆணையரக எல்லைக்குள்ள வருது. பாஸ்போர்ட்ல பழைய முகவரி இருந்து, இப்ப வேற இடத்துல குடியிருந்தீங்கன்னா போலீஸ் விசாரணை ரெண்டு இடத்துக்கும் சுத்தும். அந்த முகவரியை முதல்லயே சரி பண்ணிடுங்க. மனைவி, குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா எஸ்1 விசா. அதுக்குக் கல்யாணச் சர்ட்டிஃபிகேட், பிறப்புச் சர்ட்டிஃபிகேட்டுக்கும் இதே சான்றொப்பச் சுற்று உண்டு. கோயில்ல கல்யாணம் பண்ணி இன்னும் ரிஜிஸ்டர் பண்ணாதவங்க முதல் வேலையா அதை முடிங்க.

3. 20,000 யுவான்ல கைக்கு எவ்வளவு வரும்?

கணக்குக்காக 1 யுவான் 12 ரூபாய்னு வெச்சுக்குவோம். நீங்க அன்னிக்கு ரேட்டைப் போட்டுக்குங்க. 20,000 யுவான்னா 2,40,000 ரூபாய். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பிடித்தம் என்னன்னு பாருங்க.

முதல் பிடித்தம் சமூகக் காப்பீடு. 2011 அக்டோபர்லேர்ந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் இதுல சேர்த்திருக்காங்க. ஊழியர் பங்கு ஓய்வூதியத்துக்கு 8%, மருத்துவத்துக்குச் சுமார் 2%, வேலையின்மைக்குச் சுமார் 0.5%. நகரத்துக்கு நகரம் கொஞ்சம் மாறும். 10.5%னு எடுத்தா மாசம் 2,100 யுவான்.

ரெண்டாவது வருமான வரி. அங்கே வரி வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. வருஷத்துக்கு 60,000 யுவான் அடிப்படைக் கழிவு. மீதி மேல 3%லேர்ந்து 45% வரை ஏழு படிகள். நம்ம உதாரணத்துல வருஷச் சம்பளம் 2,40,000. காப்பீடு 25,200, கழிவு 60,000 போக வரிக்கு உட்பட்டது 1,54,800 யுவான்.

முதல் 36,000-க்கு 3%: 1,080.
அடுத்த 1,08,000-க்கு 10%: 10,800.
மீதி 10,800-க்கு 20%: 2,160.
மொத்த வரி 14,040 யுவான். சராசரியா மாசம் 1,170.

ஆக கைக்கு வர்றது 20,000 - 2,100 - 1,170 = 16,730 யுவான். நம்ம பணத்துல சுமார் 2 லட்சம்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. அங்க வரியை மாசா மாசம் சமமாப் பிடிக்க மாட்டாங்க. வருஷ ஆரம்பத்துலேர்ந்து சேர்ந்துகிட்டே வர்ற வருமானத்தைப் பார்த்துப் பிடிப்பாங்க. அதனால ஜனவரியில வரி 387 யுவான்தான் போகும். டிசம்பர்ல அதே சம்பளத்துக்கு 2,370 யுவான் போகும். முதல் ரெண்டு மாசச் சம்பளத்தைப் பார்த்து இங்க புது இஎம்ஐ போட்டுடாதீங்க. வருஷக் கடைசியில இடிக்கும்.

இன்னொண்ணு, பேரம் பேசும்போது கேட்க வேண்டியது. வெளிநாட்டு ஊழியருக்குக் கம்பெனி கொடுக்கிற வீட்டு வாடகை, குழந்தைகள் படிப்பு மாதிரியான சில படிகளுக்கு 2027 கடைசி வரை வரி விலக்கு உண்டு. அதுக்கு ஃபாபியாவ்னு சொல்ற அதிகாரப்பூர்வ ரசீது வேணும். மொத்தச் சம்பளத்தையும் ஒரே தொகையா வாங்காம, வாடகையைத் தனிப் படியா பிரிச்சுக் கொடுக்க முடியுமான்னு ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டா பதில் சிரிப்புதான் வரும்.

4. முதல் சம்பளம் வர்ற வரைக்கும் சமாளிக்க எவ்வளவு வேணும்?

சீன நகரங்கள்ல வாடகை வீட்டுக்குப் பரவலா இருக்கிற முறை "ஒரு மாச அட்வான்ஸ், மூணு மாச வாடகை முன்பணம்". சென்னையில பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துப் பழகின நமக்கு இது குறைவாத்தான் தெரியும். ஆனா சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே கொடுக்கணும். மாச வாடகை 4,500 யுவான்னு வெச்சு ஒரு மாதிரிக் கணக்கு:

அட்வான்சும் மூணு மாச வாடகையும்: 18,000.
புரோக்கர் கமிஷன், ஒரு மாச வாடகைன்னு வெச்சா: 4,500.
வீடு கிடைக்கிற வரை 10 நாள் ஹோட்டல், நாளுக்கு 250 வீதம்: 2,500.
பாத்திரம், படுக்கை, சிம் கார்டு: 2,000.
ரெண்டு மாசச் சாப்பாடு, பஸ், மெட்ரோ: 6,000.
மொத்தம் 33,000 யுவான். ரூபாயில 3,96,000.

இதோட நிக்காது. இங்க வீட்டு லோன் இஎம்ஐ 25,000, வீட்டுச் செலவு 30,000ன்னா மூணு மாசத்துக்கு 1,65,000. ஆக மொத்தம் 5,61,000 ரூபாய். இந்தப் பணம் கையில இல்லாம பர்சனல் லோன் எடுத்துட்டுப் போனா, முதல் வருஷச் சேமிப்புல பாதி அந்த லோனுக்கே போயிடும். நகையை அடகு வைக்கிறதா இருந்தாலும் எந்த மாசம் மீட்பீங்கன்னு தேதி போட்டு எழுதிட்டு வைங்க.

கையில ரொக்கமா வெளிநாட்டு நோட்டு அதிகபட்சம் 3,000 டாலர் மதிப்புக்குத்தான் ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்குது. மீதிய ஃபாரெக்ஸ் கார்டுல போடுங்க. அங்க கடையில நோட்டு நீட்டுறவங்க குறைவு. காய்கறிக் கடைலேர்ந்து எல்லாமே அலிபே, வீசாட் பே ஸ்கேன்தான். 2023-லேர்ந்து வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளையும் அதுல இணைக்கலாம். 200 யுவானுக்கு மேல போற ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் 3% கட்டணம் வரும். அதனால அங்க பேங்க் அக்கவுண்ட் திறக்கிறதைத் தள்ளிப் போடாதீங்க.

சம்பளம் வர ஆரம்பிச்ச பிறகு? 16,730-ல வாடகை 4,500, சாப்பாடு, கரண்ட், போன், போக்குவரத்து 3,500 போக மிச்சம் 8,730 யுவான். ரூபாயில 1,04,760. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போற டிக்கெட்டும் இதுலதான் போகணும். இப்ப அம்பத்தூர்ல வேலை பார்த்து மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீங்களோ அதை இதோட ஒப்பிடுங்க. சம்பளத்தையும் சம்பளத்தையும் ஒப்பிட்டா ஏமாந்துடுவோம். மிச்சத்தையும் மிச்சத்தையும் ஒப்பிடணும்.

5. கிளம்புற தேதிக்கும் வரிக்கும் சம்பந்தம் உண்டு

இந்தியக் குடிமகன் வேலைக்காக வெளிநாடு போற வருஷத்துல, அந்த நிதியாண்டுல 182 நாளுக்குக் கீழ இந்தியாவுல இருந்தா வரிச் சட்டப்படி என்ஆர்ஐ. ஏப்ரல் 1-லேர்ந்து இங்கேயே இருக்கிறவர் செப்டம்பர் 28-ஆம் தேதிக்குள்ள கிளம்பினா 181 நாள்தான் ஆகும். நடுவுல தீபாவளிக்கு வந்துட்டுப் போனா அந்த நாளும் சேரும், மறக்காதீங்க.

என்ஆர்ஐ ஆயிட்டா சீனாவுல சம்பாதிச்ச சம்பளத்துக்கு இங்க வரி இல்லை. ஆனா சம்பளம் முதல்ல சீன அக்கவுண்ட்லதான் விழணும். நேரடியா இந்திய அக்கவுண்ட்டுக்கு வர வெச்சா, "இந்தியாவில் பெற்ற வருமானம்"னு கேள்வி வரும். அக்டோபர்ல கிளம்பினா அந்த வருஷம் நீங்க ரெசிடென்ட். மார்ச் வரைக்கும் வாங்கின சீனச் சம்பளத்தையும் இங்க ரிட்டர்ன்ல காட்டணும். அங்க கட்டின வரிக்கு இந்தியா-சீனா இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி கழிவு கேட்கலாம். 1994-ல கையெழுத்தான இந்த ஒப்பந்தத்தை 2018-ல திருத்தினாங்க. கழிவு கேட்க சீன வரிச் சான்று கையில இருக்கணும். சேரும் தேதியை ஒரு வாரம் முன்ன பின்ன மாத்த முடியும்னா, இந்தக் கணக்கைப் போட்டுட்டு மாத்துங்க. இங்க இருக்கிற கம்பெனியே உங்களை டெபுடேஷன்ல அனுப்பி, சம்பளம் இங்கேயே வந்தா கணக்கு வேற. அதுக்கு ஆடிட்டரைப் பாருங்க.

6. பேங்க், லோன், வீடு

வேலைக்காக வெளிநாடு போனதும் சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓ-வா மாத்தணும். கூடவே ஒரு என்ஆர்இ அக்கவுண்ட் திறங்க. சீனாவுலேர்ந்து அனுப்புற பணம் என்ஆர்இ-க்கு வரட்டும், அதுல வர்ற வட்டிக்கு இங்க வரி இல்லை. வாடகை, பழைய டெபாசிட் வட்டி மாதிரி இந்திய வருமானம் என்ஆர்ஓ-வுக்குப் போகட்டும். மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் கேஒய்சி-யையும் என்ஆர்ஐ-ன்னு மாத்துங்க. ஏற்கெனவே இருக்கிற பிபிஎஃப் முதிர்வு வரைக்கும் தொடரலாம். புதுசா திறக்கவோ முதிர்வுக்குப் பிறகு நீட்டிக்கவோ முடியாது.

சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டுப் போறீங்களா? வீட்டுக்காரர் என்ஆர்ஐ-ன்னா வாடகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் குடியிருக்கிறவர் 30%க்கு மேல டிடிஎஸ் பிடிச்சுக் கட்டணும்னு சட்டம். இதை அக்ரிமென்ட் போடும்போதே அவர்கிட்ட சொல்லிடுங்க. கூடுதலாப் போன வரியை நீங்க ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

பவர் ஆஃப் அட்டர்னி இங்க இருக்கும்போதே எழுதிடுங்க. எல்லா அதிகாரமும் கொடுக்கிற பொது பவர் வேண்டாம். பேங்க், வாடகை, ஈபி, சொத்து வரின்னு என்னென்ன வேலைக்குன்னு பட்டியல் போட்ட குறிப்பிட்ட பவர் போதும். அங்க போன பிறகு எழுதணும்னா பெய்ஜிங் தூதரகத்துக்கோ, ஷாங்காய், குவாங்சோ துணைத் தூதரகத்துக்கோ போய் சான்றொப்பம் வாங்கி அனுப்பணும். அது இங்க வந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத்தாள் வேலையையும் முடிக்கணும்.

டேர்ம் இன்ஷூரன்ஸ் இல்லாதவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே எடுங்க. விண்ணப்பத்துல வெளிநாட்டு வேலை விவரத்தை மறைக்காதீங்க. அப்பா அம்மாவோட மெடிக்கல் பாலிசி தனியா, அவங்க பேர்லயே இருக்கட்டும். கம்பெனி குரூப் பாலிசியை நம்பி இருந்தீங்கன்னா, ராஜினாமா பண்ற அன்னிக்கே அது போயிடும்.

7. வாட்ஸ்அப் அங்க இல்லை, வீசாட் இங்க இல்லை

இதைப் போய் இறங்கின பிறகு தெரிஞ்சுக்கிட்டா ரொம்பக் கஷ்டம். சீனாவில் வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் சாதாரண இணைப்புல வேலை செய்யாது. அங்க எல்லாத்துக்கும் வீசாட்தான். இந்திய அரசு 2020 ஜூன் 29-ல தடை பண்ணின 59 ஆப்கள்ல அந்த வீசாட்டும் ஒண்ணு. அம்மாவோட வீடியோ கால் பேச ரெண்டு பக்கமும் வேலை செய்யற வழி ஒண்ணை முன்னாடியே ஏற்பாடு பண்ணணும். இந்தியாவிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ எடுத்த சிம்ல ரோமிங் டேட்டா போட்டா, அந்த டேட்டா அந்தந்த ஊர் நெட்வொர்க் வழியாப் போறதால வாட்ஸ்அப் வேலை செய்யும். விலை கொஞ்சம் அதிகம்தான். முதல் மாசத்துக்காவது இதுக்கு பட்ஜெட் வைங்க.

பணத்துக்கும் இதுல சம்பந்தம் இருக்கு. பேங்க், ஃபண்ட், இன்கம் டாக்ஸ் எல்லாத்துக்கும் ஜிமெயிலைக் கொடுத்திருப்போம். அங்க போய் மெயில் திறக்கலைன்னா அவசரத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது. சீனாவில் திறக்கிற வேற ஒரு மெயிலுக்கு முன்னாடியே மாத்திடுங்க. ஓடிபி வர்ற இந்திய நம்பருக்கு ரோமிங் ஆக்டிவேட் பண்ணி, ரீசார்ஜ் விட்டுப் போகாம பார்த்துக்க வீட்ல ஒருத்தர்கிட்ட பொறுப்பு கொடுங்க. வெளிநாட்டு நம்பர்ல யுபிஐ வசதியை 2023-ல 10 நாடுகளுக்குக் கொடுத்தாங்க. அந்தப் பட்டியல்ல ஹாங்காங் இருந்தது, சீனப் பெருநிலம் இல்லை. அதனால இந்திய நம்பரைக் கைவிடவே கூடாது.

8. பழக்க வழக்கம்: இதுவும் பண விஷயம்தான்

இறங்கினதும் முதல் வேலை, 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல தங்குற இடத்தைப் பதிவு பண்றது. ஹோட்டல்ல தங்கினா அவங்களே பண்ணிடுவாங்க. வீடு எடுத்தா நீங்கதான் பண்ணணும்.

ஆபீஸ்ல "முகம்"ங்கிற விஷயம் பெருசு. நாம மானம், மரியாதைன்னு சொல்றதுக்குக் கிட்டத்தட்ட அதே அர்த்தம். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் மேனேஜர் சொன்னது தப்புன்னு சொன்னா, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரியா இருந்தாலும் அவர் முகம் போயிடும். தனியாப் போய் சொல்லுங்க. "பார்க்கலாம்", "கொஞ்சம் கஷ்டம்"னு அவங்க சொன்னா பெரும்பாலும் "முடியாது"ன்னு அர்த்தம். இது நமக்குப் புரியாத பாஷை இல்லை. பொண்ணு பார்க்க வந்தவங்க "போய் லெட்டர் போடுறோம்"னு சொன்ன ஊர்தானே நம்ம ஊரு.

பேர் சொல்றதுலயும் கவனம். குடும்பப் பேர் முதல்ல வரும். வாங்னு குடும்பப் பேர் உள்ள மேனேஜரை "வாங் ஜிங்லி", அதாவது மேனேஜர் வாங்னு கூப்பிடுவாங்க. உறவுமுறையில நாம ரொம்பப் பக்கம். அப்பாவோட அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அம்மாவோட தம்பிக்கு ஒரு சொல். பெரியப்பா, சித்தப்பா, மாமாங்கிற வித்தியாசம் இங்கிலீஷ்காரருக்கு விளக்கணும், சீனருக்கு விளக்க வேண்டாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் தனித்தனிச் சொல் இருக்கு. டீ பிரேக்ல குடும்பத்தைப் பத்திப் பேச இது நல்ல தொடக்கம். இந்தத் தொடர்பு இன்னிக்கு நேத்து வந்ததும் இல்லை. ஃபூஜியன் மாகாணத்துக் குவான்ஜோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு. நம்ம வணிகர்கள் அங்க சிவன் கோயிலே கட்டியிருக்காங்க.

சாப்பாட்டு மேஜையில, கூப்பிட்டவர்தான் பில் கட்டுவார். "நான் கட்டுறேன், நான் கட்டுறேன்"னு ஒரு சண்டை நடக்கும். ஒரு தடவை அவர் கட்டினா அடுத்த தடவை நீங்க கூப்பிடணும். மாச பட்ஜெட்ல இதுக்கு ஒரு தொகை வைங்க. சாராயம் குடிக்காதவங்க முதல் நாளே "உடம்புக்கு ஒத்துக்காது"ன்னு சொல்லி, டீ கப்பை உயர்த்திட்டா போதும். சாப்ஸ்டிக்கைச் சாதத்துல நட்டு வைக்காதீங்க, அது செத்தவங்களுக்கு ஊதுவத்தி வைக்கிற மாதிரி. கடிகாரம் பரிசாக் கொடுக்காதீங்க. கல்யாணத்துக்கோ புத்தாண்டுக்கோ சிவப்பு உறையில பணம் வைப்பாங்க, நம்ம மொய் மாதிரிதான். நாம 101, 501ன்னு ஒத்தைப் படையா வைப்போம். அங்க இரட்டைப் படைதான் நல்லது, ஆனா 4 வரக் கூடாது.

சைவம் சாப்பிடுறவங்க "காய்கறி"ன்னு கேட்டா மட்டும் போதாது. பன்றிக் கொழுப்புல வதக்கி, சிக்கன் பொடி தூவித் தரலாம். என்ன சாப்பிட மாட்டீங்கன்னு சீன எழுத்துல ஒரு அட்டையில எழுதி போன்ல வெச்சுக்குங்க. புத்த மதத்தினர் நடத்துற சைவ உணவகங்கள் பெரிய நகரங்கள்ல உண்டு. லான்ஜோ நூடுல்ஸ் கடைகள்ல பன்றி இருக்காது, ஆனா மாட்டிறைச்சிக் குழம்புதான் அடிப்படை. பழம், விதை, இறைச்சி, பால் பொருள் எல்லாம் பெட்டியில கொண்டு போகக் கூடாது. கரண்ட் அங்கயும் 220 வோல்ட்தான், அதனால சின்ன மிக்ஸி ஓடும். பிளக் வேற மாதிரி, அடாப்டர் வாங்கிக்குங்க. வீட்ல சமைக்கிறதும் வெளியில சாப்பிடுறதும் மாச மிச்சத்தை நேரடியா மாத்தும்.

வேலை நேரம்: சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், அதுக்கு மேலன்னா ஒன்றரை மடங்கு, வார விடுமுறையில ரெண்டு மடங்கு, அரசு விடுமுறையில மூணு மடங்கு சம்பளம். காலை 9-லேர்ந்து ராத்திரி 9 வரை வாரத்துக்கு 6 நாள்ங்கிற வழக்கம் சட்டவிரோதம்னு 2021-லயே அங்கத்து உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நடைமுறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒப்பந்தத்துல ஓவர்டைம் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ஒப்பந்தம் சீன மொழியில இருந்தா மொழிபெயர்ப்பு வாங்காம கையெழுத்துப் போடாதீங்க. பொதுவா ஆண்டு போனஸ் வசந்தப் பண்டிகையை ஒட்டித்தான் வரும். வேலை மாறணும்னு நினைக்கிறவங்க அந்தத் தேதியைப் பார்த்து முடிவு பண்ணுவாங்க. உங்க வேலை அனுமதி கம்பெனியோட கட்டினது. வெளியேறும்போது பணி விடுப்புச் சான்று வாங்காம வந்துட்டா அடுத்த கம்பெனி உங்களை எடுக்க முடியாது.

9. பணம் அனுப்புறதும் திரும்பி வர்றதும்

வரி கட்டின சம்பளத்தை ஊருக்கு அனுப்ப சட்டப்படி வழி இருக்கு. பேங்க்ல வரி கட்டின சான்று, வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட் கேட்பாங்க. மாசா மாசம் வரிச் சான்றை டவுன்லோட் பண்ணி வைங்க. "நீ எனக்கு யுவான் கொடு, நான் உங்க வீட்ல ரூபாய் கொடுக்கிறேன்"ங்கிற ஹவாலா வழி ரெண்டு நாட்டுலயும் குற்றம். ரேட் நல்லா இருக்குன்னு போனா பேங்க் அக்கவுண்ட் முடங்கும்.

நிரந்தரமாத் திரும்பும்போது ஒண்ணை விட்டுடாதீங்க. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. ஆனா நாட்டை விட்டுக் கிளம்பும்போது விண்ணப்பிச்சா, ஓய்வூதியத்துல உங்க சொந்தக் கணக்குல சேர்ந்த பணம் திரும்பக் கிடைக்கும். நம்ம உதாரணத்துல மாசம் 1,600 யுவான். ரெண்டு வருஷத்துக்கு 38,400 யுவான், அதாவது சுமார் 4,60,000 ரூபாய். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட இதைக் கேட்டு முடிச்சுட்டு வாங்க. வீட்டு அட்வான்சும் அப்படித்தான். குடிபோகும்போதே சுவர், ஏசி, வாஷிங் மெஷின் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க.

இப்ப என்ன பண்ணலாம்?

இந்த வாரம் மூணு விஷயம் மட்டும் பண்ணுங்க. ஒண்ணு, விசா வகை, சம்பளப் பிரிப்பு, ஓவர்டைம் பத்திக் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க. ரெண்டு, மேல சொன்ன மாதிரி உங்க சொந்த எண்களைப் போட்டு மாச மிச்சத்தையும் முதல் மூணு மாசத் தேவையையும் கணக்கிடுங்க. மூணு, அந்தத் தாளை வீட்ல இருக்கிறவங்க முன்னாடி வெச்சுப் பேசுங்க. நீங்க அங்க தனியா இருக்கப் போறீங்க, அவங்க இங்க தனியா இருக்கப் போறாங்க. மாசம் ஒரு லட்சம் மிச்சத்துக்காக எத்தனை வருஷம்னு ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரு தேதி முடிவு பண்ணிட்டா, போறதும் சுலபம், திரும்பி வர்றதும் சுலபம்.